காமிரா எங்கே நின்றது?

எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன்.

1990களின் நடுவில் என் அக்காவின் நிக்காஹ் நடந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். திருமண வீடுகளில் வீடியோ எடுக்கும் வழக்கம் எங்கள் ஊருக்குள் நுழைந்திருந்த காலம் அது. உள்ளூர் இளைஞர் ஒருவர் காலை முதல் மாலை வரை தோளில் காமிராவுடன் அலைந்து எடுத்து, வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்த்து, கேசட்டாக ஆக்கித் தந்தார். வளைகுடா நாட்டில் வேலையிலிருந்த சின்னத்தா திருமணத்துக்கு வர முடியவில்லை. ஊரிலிருந்து திரும்பிய ஒருவர் கையில் அவருக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. “அண்ணன் கண் கலங்கி நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். இந்த வீட்டுக்கா நம் பிள்ளையைக் கொடுத்தோம்?” என்று கொதித்து எழுதியிருந்தார். கடிதத்தில் இருந்தது வாய்வழியாக மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. “நாங்கள் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? எங்கள் மீது இப்படி ஒரு பழியா?” என்று அவர்கள் மனம் புண்பட்டார்கள். போக்குவரத்து நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே அக்கா வாய்பேசாமல் அழுதுகொண்டிருந்தாள்.

கேசட்டை மீண்டும் போட்டுப் பார்த்தோம். சின்னத்தா எழுதியது அப்படியே திரையில் இருந்தது. சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அடுத்த கணம் திரை முழுவதும் அத்தாவின் முகம். கண்கள் சிவந்து நீர் கோத்திருக்கின்றன, தலை கவிழ்கிறது. மறுபடியும் அதே சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு சூடேறியது.

அத்தாதான் முதலில் சிரித்தார். “அட, இது விறகடுப்புப் புகையப்பா!” என்றார். அன்று காலையில், சமையல் பந்தலில், பெரிய அடுப்புகளுக்கு அருகே நின்று அவர் மேற்பார்வை செய்துகொண்டிருந்தபோது எடுத்த காட்சி அது. காமிரா முகத்தை மட்டும் எடுத்ததால் அடுப்பும் இல்லை, புகையும் இல்லை. விருந்தினர் சிரித்ததோ நண்பகலில், தங்களுக்குள் ஒரு பெரியவர் சொன்ன வேடிக்கைக்காக. இரண்டுக்கும் நடுவே நான்கைந்து மணி நேரம். வீடியோ எடுத்தவரைக் கேட்டோம். “இசைக்குப் பொருந்த வேண்டும் என்று அடுத்தடுத்து ஒட்டினேன்” என்றார். அவர் மனத்தில் சூது எதுவும் இல்லை. இரண்டு துண்டுப் படங்களைச் சேர்த்து வைத்தார், அவ்வளவுதான்.

இரண்டு துண்டுகள் சேர்ந்தால்

பல ஆண்டுகள் கழித்துத் திரைப்படக் கலை பற்றிய நூல்களைப் படித்தபோதுதான், எங்கள் வீட்டில் நடந்ததற்கு உலகம் அறிந்த ஒரு பெயர் உண்டு என்பது எனக்குத் தெரிந்தது. அதைக் ‘குலெஷோவ் விளைவு’ என்கிறார்கள்.

லெவ் குலெஷோவ், ருஷ்யப் புரட்சிக்குப் பின் மாஸ்கோவில் திரைப்படக் கலையைக் கற்பித்த ஆசிரியர். அவர் இவான் மொசூகின் என்ற புகழ்பெற்ற நடிகரின், உணர்ச்சி எதையும் பெரிதாகக் காட்டாத முகக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டார். அதனோடு ஒருமுறை சூப்புக் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணையும், ஒருமுறை பொம்மையோடு விளையாடும் சிறுமியையும் சேர்த்துக் காட்டினார். அவருடைய மாணவராயிருந்து பின்னர் பெரிய இயக்குநரான புடோவ்கின் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பார்த்தவர்கள் அந்த நடிகரை வியந்து பாராட்டினார்களாம். சூப்பைப் பார்க்கும்போது முகத்தில் ஆழ்ந்த சிந்தனையாம். பிணத்தைப் பார்க்கும்போது துயரமாம். குழந்தையைப் பார்க்கும்போது மெல்லிய புன்னகையாம். முகமோ மூன்று முறையும் ஒன்றே!

பொருள் படத்தில் மட்டும் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பிறக்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது நம் மனம். சின்னத்தாவின் மனம் நிரப்பியது அவமானத்தை. அண்ணன் மீது அவர் வைத்திருந்த அன்பே அவரை ஏமாற்றியது எனலாம்.

தூரம் பேசும் மொழி

காமிராவுக்கும் மனிதருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது முதல் கேள்வி. தொலைவிலிருந்து முழு இடத்தையும் காட்டுவது லாங் ஷாட். இடுப்பளவில் ஆட்களைக் காட்டுவது மிட் ஷாட். முகத்தை மட்டும் திரை நிறையக் காட்டுவது குளோஸ் அப்.

லாங் ஷாட் நமக்கு இடத்தைச் சொல்கிறது: யார், எங்கே, எத்தனை பேர், சுற்றிலும் என்ன. மிட் ஷாட் செயலைச் சொல்கிறது: கைகள் என்ன செய்கின்றன, இருவர் எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள். குளோஸ் அப் உள்ளத்தைச் சொல்வதுபோல் தோன்றுகிறது. நம் வாழ்க்கையில் இத்தனை அருகில் நாம் பார்க்கும் முகங்கள் தாயின் முகமும் மக்களின் முகமும்தாம். ஆகவே திரை நிறைய ஒரு முகம் வந்ததும், அறியாதவராயினும் அவர் நமக்கு உறவாகிவிடுகிறார். அவர் அழுதால் நாமும் அழுகிறோம்.

இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. முகம் பெரிதாக ஆக, சுற்றுப்புறம் சட்டத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. அடுப்பு போய்விடுகிறது; புகை போய்விடுகிறது. காரணம் வெளியே தள்ளப்பட்டு, கண்ணீர் மட்டும் உள்ளே நிற்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் மாமியார் ஒரு சொல் சொன்னதும், இடியோசையுடன் மருமகளின் முகத்தை மூன்று முறை நெருங்கிக் காட்டுகிறார்களே, அதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சொன்ன சொல் பெரிதாக இருக்காது. காமிரா நெருங்கிய வேகமே அதைப் பெரிதாக்குகிறது.

உயரமும் தாழ்வும்

அடுத்தது, காமிரா எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. தாழ்விலிருந்து மேல்நோக்கி எடுத்தால் மனிதர் ஓங்கி நிற்கிறார். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் சிறுத்துப்போகிறார். சிறு பிள்ளை அண்ணாந்து பார்க்கும் தந்தையும், மாடியிலிருந்து நாம் குனிந்து பார்க்கும் தெருவாசியும் எப்படித் தெரிவார்களோ, அப்படி.

இதை அரசியலுக்குப் பயன்படுத்திய கொடுமையான எடுத்துக்காட்டு ஜெர்மனியில் உண்டு. 1934இல் நியூரம்பர்க் நகரில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டை லெனி ரீஃபென்ஷ்டால் படமாக்கினார். ‘ட்ரையம்ப் ஆஃப் தி வில்’ என்று ஆங்கிலத்தில் அறியப்படும் அப்படம் 1935இல் வெளியாயிற்று. மேகங்களைக் கிழித்துக்கொண்டு விமானம் இறங்குவதோடு படம் தொடங்குகிறது. அதிலிருந்து ஹிட்லர் வருகிறார். மேடையில் அவரைத் தாழ்விலிருந்து அண்ணாந்து பார்க்கும் காமிரா, மக்களை மட்டும் உயரத்திலிருந்து வரிசை வரிசையான கட்டங்களாகக் காட்டுகிறது. இதற்காகக் கொடிக்கம்பம் ஒன்றில் சிறு மின்தூக்கியே பொருத்தினார்கள். தலைவன் ஒருவன் மனிதன். மற்ற அனைவரும் அணிவகுப்பின் புள்ளிகள். வசனம் சொல்லாத இச்செய்தியைக் கோணம் சொல்லிவிட்டது. அச்செய்தியின் விளைவை உலகம் பின்னர் கண்டது.

ஆனால், தாழ்கோணம் என்றால் வலிமை என்று வாய்பாடு போல மனனம் செய்துகொண்டால் தவறிவிடுவோம். ஆர்சன் வெல்ஸ் 1941இல் எடுத்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில், செல்வமும் செல்வாக்கும் மிக்க கேன் தேர்தலில் தோற்றுப்போன இரவில், காமிரா தரைமட்டத்தில் கிடந்து அவனைப் பார்க்கிறது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டுக்காக அரங்கின் தரையையே வெட்டிப் பள்ளமாக்கினார்கள். துணியால் கூரையும் அமைத்தார்கள். கேன் மலைபோல் நிற்கிறான். ஆனால் அவன் தலைக்கு மேலே கூரை அழுத்துகிறது. அவ்வளவு பெரிய உருவம், அவ்வளவு வெறுமையான அறை! அதே கோணம் இங்கே தோல்வியின் பாரத்தைக் காட்டுகிறது. சொல்லின் பொருள் வாக்கியத்தில் அமைவதுபோல, கோணத்தின் பொருள் கதையில் அமைகிறது.

மேலும் கீழும் பார்க்காமல் நேர்மட்டத்தில் பார்ப்பதும் ஒரு கோணமே. ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997இல் தந்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தில் காமிரா பெரும்பாலும் குழந்தைகளின் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அலீ, தன் ஒரே ஜோடியை அவளோடு மாற்றி மாற்றி அணிகிறான். சந்துகளில் ஓடும் சின்னஞ்சிறு கால்களைப் படம் நெடுகப் பார்க்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசான காலணிக்காக ஓடியவன், முதல் பரிசு வாங்கிவிட்டுத் தோற்றவனைப் போல வீடு திரும்புகிறான். தந்தையின் சைக்கிளில் புதுக் காலணிகள் இருப்பதைக் காமிரா நமக்குக் காட்டிவிடுகிறது, பிள்ளைகளுக்கோ தெரியாது. கடைசியில், புண்ணான அவன் பாதங்களைத் தொட்டி நீருக்குள் பொன்மீன்கள் சூழ்ந்துகொள்கின்றன. ஏழ்மையைப் பற்றி அங்கே ஒருவரும் சொற்பொழிவாற்றவில்லை. காமிரா குனிந்தது, அது போதுமானதாக இருந்தது.

காமிராவே கண்ணாகும்போது

ஒருவரைக் காட்டாமலே அவரைப் பற்றிய படத்தை எடுக்க முடியுமா? முடியும் என்று காட்ட முயன்றவர், சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்த முஸ்தஃபா அக்காத். அவருடைய ‘தி மெஸேஜ்’ 1976இல் வெளியாயிற்று. அரபு வடிவத்தின் பெயர் ‘அர்ரிஸாலா’. ஒரே அரங்குகளில், ஆங்கிலத்துக்கு ஒரு நடிகர் குழு, அரபுக்கு வேறொரு குழு என்று இரண்டு படங்களாக எடுத்தார். ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை ஆங்கிலத்தில் ஆண்டனி க்வின்னும் அரபியில் அப்துல்லாஹ் கைஸும் ஏற்றார்கள். மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு எதிர்ப்பினால் நின்று, லிபியாவில் தொடர்ந்தது.

இப்படத்தைப் பார்க்கலாமா, கூடாதா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் உண்டு. அதற்குத் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. காமிராவின் மொழியைப் பொறுத்தவரை அதில் ஒரு பாடம் இருப்பதால் குறிப்பிடுகிறேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ படத்தில் எங்கும் இல்லை. அவர்களிடம் பேசுவோர் காமிராவை நோக்கிப் பேசுகிறார்கள். மறுமொழி நமக்குக் கேட்பதில்லை. அருகிலிருப்போர் அதைத் திருப்பிச் சொல்லும்போதே அறிகிறோம். அலீ (ரலி) அவர்களும் காட்டப்படுவதில்லை; துல்ஃபிகார் வாள் மட்டும் தெரிகிறது. சட்டத்துக்கு வெளியே இருப்பவரே படத்தின் நடுநாயகம்! காட்டாமல் விடுவதும் பேச்சுத்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

காமிராவைப் பாத்திரத்தின் கண்ணாக்கும் இதே முறை வேறிடங்களிலும் வருகிறது. திகில் படங்களில் கொலையாளியின் கண் வழியாக வீட்டுக்குள் நுழைகிறோம். நம் பிள்ளைகள் தொலைபேசியில் ஆடும் பல துப்பாக்கி விளையாட்டுகளில் கையும் துப்பாக்கியும் மட்டுமே தெரியும். சுடுபவனின் முகம் தெரியாது. ஏனென்றால் அந்த முகம் ஆடும் பிள்ளையின் முகம். இதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

பாக்தாதின் சதுக்கம்

இவையெல்லாம் கதைப் படங்கள். செய்தியில் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். 2003 ஏப்ரல் 9ஆம் நாள் பாக்தாதின் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் சதாம் ஹுசைனின் சிலை வீழ்த்தப்பட்டதை உலகமே நேரலையில் பார்த்தது. திரை நிறைய ஆரவாரிக்கும் முகங்கள், செருப்பால் சிலையை அடிக்கும் கைகள். நகரமே திரண்டு எழுந்ததென்று எண்ணியவர்கள் பலர்.

அதே சதுக்கத்தைத் தூரத்திலிருந்தும் உயரத்திலிருந்தும் எடுத்த படங்கள் உண்டு. அவற்றில் சிலையைச் சுற்றி ஒரு சிறு கூட்டம், சதுக்கத்தின் பெரும்பகுதி வெறுமை, ஓரங்களில் அமெரிக்க டாங்கிகள், நடுவே செய்தியாளர்கள். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டல் எதிரிலேயே இருந்தது. சிலையை இறுதியில் இழுத்துச் சாய்த்ததும் அமெரிக்கப் படையின் கனரக வாகனமே. மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி பொய்யன்று; சிலை வீழ்ந்ததும் பொய்யன்று. ஆனால் நெருக்கக் காட்சி ‘நகரம்’ என்றது. தூரக் காட்சி ‘ஒரு கூட்டம்’ என்றது. போர் முடிந்துவிட்டதென்று அன்றிரவு உறங்கப் போனவர்கள், அதன்பின் ஈராக் கண்ட நெடிய ஆண்டுகளை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதனால் காமிரா பொய் சொல்லும் கருவி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1992 நவம்பரில், டர்பன் நகரில், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆடிய டெஸ்ட் பந்தயத்தில்தான், தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்து மூன்றாம் நடுவர் முதன்முதலாக ஓர் ஆட்டக்காரரை ரன் அவுட் என்று தீர்த்தார். அவ்வாறு வெளியேறியவர் சச்சின் டெண்டுல்கர். எந்தக் காமிராவின் படத்தை நம்பினார்கள்? கோட்டுக்கு நேரே பக்கவாட்டில் நின்ற காமிராவை. பந்து வீசுபவருக்குப் பின்னால் நிற்கும் காமிரா எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும் அந்தக் கேள்விக்கு அதனால் விடை சொல்ல இயலாது. தக்க இடத்தில் நின்றால் காமிரா நல்ல சாட்சி. ஆகவே சாட்சி எங்கே நின்றது என்று கேட்பதே முதல் வேலை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு நூல்

இப்படிக் கேட்பது புதிதன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலை ஏழு பாகங்களாக எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்க்கிறோம் என்று நிறுவியவர் அவர். அந்நூலின் மூன்றாம் பாகம் முழுவதும் பார்வைப் பிழைகளைப் பற்றியது. பொருளின் தூரம், அது கண்ணுக்கு எதிரே அமைந்த நிலை, அதன் மீதுள்ள ஒளி, அதன் அளவு, பார்க்கக் கிடைக்கும் நேரம் முதலியவை உரிய எல்லைக்குள் இருந்தால்தான் பார்வை சரியாக இருக்கும். ஒன்று எல்லை மீறினாலும் கண் தவறாகக் காணும் என்று அவர் வகுத்தார்.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். தூரம், நிலை, ஒளி, அளவு, நேரம். ஓர் ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் நாள்தோறும் கையாளும் கருவிகள் இவையே அல்லவா?

வீட்டில் ஒரு பயிற்சி

மதரஸாவில் என் மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு நாள் எளிய வழி ஒன்று செய்தேன். வகுப்பிலேயே குட்டையான பையனை முற்றத்தில் நிறுத்தி, ஒருவனைத் தரையில் படுத்துக்கொண்டும், மற்றொருவனை மாடிப்படியில் ஏறியும் தொலைபேசியில் படமெடுக்கச் சொன்னேன். ஒரு படத்தில் அவன் பயில்வான். மறு படத்தில் தொலைந்துபோன பிள்ளை. வகுப்பு சிரித்தது. பிறகு, “இனிமேல் ஒரு படத்தை நம்புமுன் என்ன கேட்பீர்கள்?” என்றேன். அந்தக் குட்டைப் பையனே சொன்னான்: “எடுத்தவர் எங்கே நின்றார் என்று கேட்பேன், ஹஜ்ரத்.”

செய்தி கொண்டு வருபவரைத் தீர விசாரிக்கப் பழக்கப்பட்டவர்கள் நாம். சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், நேரில் கண்டாரா என்று பார்ப்பது நம் பாடத்தின் அடிப்படை. ஆனால் படம் வந்ததும் அந்த விசாரணையைக் கைவிட்டுவிடுகிறோம். “கண்ணால் பார்த்தேனே!” என்கிறோம். பார்த்தது நம் கண்ணன்று. வேறொருவர் நிறுத்திய காமிராவின் கண்.

இன்று கேசட் இல்லை. ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு காமிராவும் ஒரு திரையும் வந்துவிட்டன. அரை நிமிடத் துண்டுப் படங்கள் வாட்ஸ்அப்பில் வீடு வீடாகப் பாய்கின்றன. தெருச் சண்டை, மருத்துவமனை வாசல், அழும் ஒரு முகம். பார்த்த வேகத்தில் கொதித்து, கொதித்த வேகத்தில் பிறருக்கு அனுப்புகிறோம். அனுப்புமுன் மூன்று கேள்விகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுப் பழகுவோம். காமிரா எங்கே நின்றது? சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது? இந்தத் துண்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? விடை தெரியாவிட்டால் அனுப்பாமல் இருப்பதில் நமக்கு நட்டமில்லை.

எங்கள் வீட்டுக் கதை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. வெட்டப்படாத மூலக் கேசட்டை வீடியோ எடுத்தவர் தேடிக் கொடுத்தார். அதில் அடுப்பும் புகையும் அத்தா துண்டால் கண்ணைத் துடைப்பதும் இருந்தன. அதைச் சம்பந்தி வீட்டுக்கு எடுத்துச் சென்று போட்டுக் காட்டினோம். சின்னத்தாவும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். உறவு திரும்பியது. ஆனால் இடையில் எட்டு மாதங்கள் போயிருந்தன. அக்காவின் மூத்த பிள்ளைக்கு அகீகா கொடுத்தது அந்த எட்டு மாதத்துக்குள்தான். அந்த விருந்தில் அத்தா இல்லை.

அத்தா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அசையும் படமாக அவர் எங்களிடம் இருப்பது அந்தக் கேசட்டில் மட்டுமே. அதைக் குறுந்தகட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறோம். புகையில் சிவந்த கண்களோடு தலை கவிழும் அந்த முகத்தைப் பார்க்கும்போது, அக்கா இன்று அதில் அவமானத்தையோ துயரத்தையோ காண்பதில்லை. “என் கலியாணச் சோறு கருகிவிடக் கூடாதென்று அத்தா எவ்வளவு நேரம் அந்தப் புகையில் நின்றிருப்பார்!” என்கிறாள். முகம் அதே முகந்தான். அடுப்பு எங்கே இருந்தது என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.